கணித மேதை லாக்ராஞ்சு

2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 என்னும் விண்கலம் விண்ணேறியது. கதிரவனை ஓயாது நோக்கியிருப்பதற்கென நம் நாடு அனுப்பிய முதற் கலம் அது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்து நடத்திக் காட்டியவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் சாஜி என்னும் பெண்மணி என்பதை நம் இளைஞர்கள் பலர் அறிவர். ஆனால், அக்கலத்தின் பெயரின் இறுதியில் நிற்கும் எல் என்னும் எழுத்து எதைக் குறிக்கிறது என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. அது ஒரு மனிதரின் பெயருக்குரிய முதலெழுத்து. அம்மனிதர் மறைந்து 200 ஆண்டுகளுக்கு மேலாகிறது. விண்கலத்தையோ மின்விளக்கையோ அவர் கனவிலும் கண்டவரல்லர். கலம் சென்று நிற்க வேண்டிய இடத்தை, மையும் தாளும் துணையாகக் கொண்டு கணக்கிட்டு வைத்துச் சென்றவர்களுள் ஒருவர். சோசப் லூயி லாக்ராஞ்சு என்னும் அப்பெரியாரின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுகின்றோம்.

வடஇத்தாலியில் ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு அண்மையில் உள்ளது டூரின் நகரம். அந்நாளில் அது சார்தீனிய அரசின் தலைநகராக விளங்கிற்று. அங்கு 1736ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் லாக்ராஞ்சு பிறந்தார். தந்தையார் அரசின் பொதுப்பணி, கோட்டைப்பணி அலுவலகத்தில் பொருளாளர். அவருக்குப் பிறந்த குழந்தைகள் பதினொருவர். வளர்ந்து ஆளானவர் இருவரே. மூத்தவர் லாக்ராஞ்சு. வசதியாக வாழ்ந்த அக்குடும்பம், தந்தையார் ஊக வாணிபத்தில் பொருளையெல்லாம் இழந்தமையால் நொடித்துப் போயிற்று. தமக்குச் செல்வம் வந்து சேர்ந்திருந்தால் ஒருவேளை கணிதத்தின் பக்கமே திரும்பியிருக்க மாட்டோம் என்று பிற்காலத்தில் அவரே கூறியதுண்டு. வறுமைக்குப் புகழ் பாட இதனை இங்கு எடுத்துரைக்கவில்லை. வறுமை எத்தன்மையது என்பதை நாம் நன்கறிவோம்.

மகனை வழக்கறிஞராக்க வேண்டும் என்பதே தந்தையாரின் விருப்பம். மகனும் மறுக்கவில்லை. பழைய கிரேக்கரின் வடிவியல் பாடம் அவருக்குச் சுவைக்கவில்லை என்பர். ஒருநாள் ஆங்கில வானியல் அறிஞர் ஹாலி எழுதிய கட்டுரையொன்று கைக்கு வந்தது. ஒளியியலில் இயற்கணிதத்தைப் பயன்படுத்துவதன் மேன்மையைக் கூறும் கட்டுரை அது. படம் வரைந்து படிப்படியாக ஏறிச் செல்ல வேண்டிய இடத்தைச் சில வரிச் சமன்பாடுகளால் எட்டிவிடலாம் என்பதை அது காட்டிற்று. அன்றிலிருந்து பெரும்பாலும் ஆசிரியர் துணையின்றித் தாமே நூல்களைத் தேடிப் பயின்றார்.

முதல் முயற்சி அவருக்கு மனக்கலக்கத்தையே தந்தது. 1754இல் நுண்கணிதத்தில் ஒரு புதிய முடிபைக் கண்டதாக எண்ணி அச்சேற்றினார். பின்னர்ப் பார்த்தால், லைப்னிட்சும் பெர்னோலியும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில் அம்முடிபு முன்பே இருந்தது. பிறர் பொருளைத் திருடியவன் என்று உலகம் தன்னைக் கருதிவிடுமே என்று அந்தப் பதினெட்டு வயது இளைஞர் அஞ்சினார். நல்ல நூலகமும் வழிகாட்டியும் இல்லாத இடத்தில் தனித்துப் பயில்வோர் எல்லோருக்கும் நேரக்கூடிய இடர் இது. அவர் ஓய்ந்துவிடவில்லை. மேலும் கடுமையாக உழைத்தார்.

அடுத்த ஆண்டு, 1755 ஆகஸ்ட் 12ஆம் நாள், பெர்லினில் இருந்த ஆய்லருக்கு ஒரு கடிதம் விடுத்தார். ஆய்லர் அப்போது ஐரோப்பாவிலேயே தலைசிறந்த கணித அறிஞர், வயது 48. எழுதியவரோ பெயரறியாத 19 வயதுப் பிள்ளை. கடிதத்தின் பொருள் இதுதான்: ஒரு மணி வளைந்த பாதையில் சறுக்கி இறங்குகிறது. பாதையின் எவ்விடத்திலிருந்து விட்டாலும் அடியை அடைய ஒரே நேரம் ஆக வேண்டும். அதற்குப் பாதை எவ்வாறு வளைந்திருக்க வேண்டும்? இவ்வகைச் சிக்கல்களை ஆய்லர் 1744இல் வெளியிட்ட நூலொன்றில் படங்களின் துணையோடு ஆராய்ந்திருந்தார். லாக்ராஞ்சு படமே இல்லாமல், தூய சமன்பாடுகளால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வழியைக் கண்டு எழுதினார்.

ஆய்லர் என் செய்தார்? ஒரு மாதத்திற்குள், செப்டம்பர் 6ஆம் நாளே மறுமொழி எழுதினார். இளைஞரின் முறை தமது முறையினும் மேம்பட்டது என ஒப்புக்கொண்டார். அத்துடன் நில்லாமல், அதே பொருளில் தாம் செய்து வைத்திருந்த ஆராய்ச்சியை அச்சுக்கு விடாமல் நிறுத்தி வைத்தார். லாக்ராஞ்சு தம் நூலை முடித்து வெளியிடும் முன் தம்முடையது வந்துவிட்டால், அவருக்குரிய புகழின் ஒரு பகுதி தமக்கு வந்து சேருமே என்பதுதான் காரணம். அக்கலைக்கு மாறுபாட்டு நுண்கணிதம் என்ற பொருள்படும் பெயரைச் சூட்டியவரும் ஆய்லரே. பெரியவர் ஒருவர் சிறியவரின் வளர்ச்சிக்காகத் தம் கையைத் தாமே கட்டிக்கொண்ட இச்செயலைப்போல் அறிவியல் வரலாற்றில் வேறொன்று எளிதில் காணக் கிடைக்காது என்பது எம் கருத்து.

அவ்வாண்டே டூரின் அரச பீரங்கிப் பள்ளியில் லாக்ராஞ்சு கணித ஆசிரியரானார். நண்பர் சிலரோடு சேர்ந்து 1757இல் ஓர் அறிவியற் கழகம் நிறுவினார். பின்னாளில் அது டூரின் அறிவியற் பேரவையாக வளர்ந்தது. நிலவு தன் ஒரு முகத்தையே எப்போதும் நமக்குக் காட்டுவதேன் என்னும் வினாவுக்குப் பாரிசுப் பேரவை பரிசு அறிவித்தபோது, 1764இல் அதனை வென்றார். வியாழனின் நிலவுகளைப் பற்றிய ஆய்வுக்கு 1766இல் மீண்டும் பரிசு.

பெர்லினுக்கு வருமாறு முன்னரே அழைப்பு வந்திருந்தது. ஆய்லர் இருக்கும் இடத்தில் தாம் வந்து நிற்பது முறையன்று என்று தவிர்த்து வந்தார். 1766இல் ஆய்லர் ரசியாவுக்குச் சென்றுவிடவே, தாலம்பேர் என்னும் பிரெஞ்சு அறிஞரின் பரிந்துரையால் பிரசிய மன்னர் இரண்டாம் பிரடெரிக் லாக்ராஞ்சை வரவழைத்தார். பெர்லின் பேரவையின் கணிதத் துறைத் தலைவர் பதவி அளிக்கப்பட்டது. இவ்வாறு ஆய்லர் அமர்ந்த இருக்கையில் அமர்ந்த லாக்ராஞ்சு, ஆய்லரை நேரில் ஒருமுறையேனும் கண்டதில்லை. இருபெரும் அறிஞரின் உறவு முழுதும் கடிதத்தாலேயே நிகழ்ந்தது.

பெர்லினில் கழிந்த 20 ஆண்டுகளே அவர் வாழ்வின் விளைச்சல் மிகுந்த காலம். அங்கு 1772இல் செய்த ஒரு பணியே அவர் பெயரை இன்று விண்வெளியில் நிலைக்கச் செய்திருக்கிறது. அதனைச் சற்று விரித்துரைப்போம்.

இரு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் அவை எவ்வாறு இயங்கும் என்பதை நியூட்டன் முழுமையாகக் கணக்கிட்டுவிட்டார். மூன்றாவது பொருள் ஒன்று வந்து சேர்ந்தாலோ கணக்கு சிக்கிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் இழுக்கிறது. இழுபட்டவை இடம் மாற, இழுக்கும் அளவும் திசையும் நொடிக்கு நொடி மாறுகின்றன. எல்லா நிலைக்கும் பொருந்தும் எளிய விடையை யாராலும் எழுத முடியவில்லை. லாக்ராஞ்சு வேறொரு வழியில் புகுந்தார். மூன்று பொருள்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று கேளாமல், அவற்றுக்கிடையே உள்ள தொலைவுகள் எவ்வாறு மாறுகின்றன என்று கேட்டார். அவ்வாறு கேட்டபோது, சில தனி நிலைகளில் மட்டும் கணக்கு முற்றும் அவிழ்ந்து விடை துல்லியமாகக் கிடைத்தது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்பது ஒரு நிலை. மூன்றும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூலைகளில் நிற்பது மற்றொன்று. அந்த அமைப்பு குலையாமல் மூன்றும் சேர்ந்து சுழன்றுகொண்டே இருக்கும்.

கதிரவன், பூமி ஆகிய இரண்டையும் கொண்டு பார்த்தால், சிறிய பொருளொன்று அவ்வாறு அமைதியாக உடன்வரக்கூடிய இடங்கள் ஐந்து. நேர்கோட்டில் மூன்று: பூமிக்கும் கதிரவனுக்கும் நடுவே ஒன்று, பூமிக்கு அப்பால் ஒன்று, கதிரவனுக்கு மறுபுறம் ஒன்று. முக்கோண மூலைகள் இரண்டு: பூமியின் பாதையில் 60 பாகை முன்னால் ஒன்று, 60 பாகை பின்னால் ஒன்று. ஐந்தையும் இன்று லாக்ராஞ்சுப் புள்ளிகள் என்றே உலகம் வழங்குகிறது. உண்மையில் நேர்கோட்டு மூன்றையும் சில ஆண்டுகள் முன்னரே ஆய்லர் கண்டிருந்தார். ஆதித்யா சென்றிருக்கும் எல்-1 நேர்கோட்டுப் புள்ளியே. நேர்மையாகப் பார்த்தால் அதற்கு ஆய்லரின் பெயரே பொருந்தும். தம் கையைக் கட்டிக்கொண்டு வழிவிட்ட பெரியவருக்குப் பெயரும் தப்பிப்போயிற்று.

நம் சங்கத்தின் மாலை வகுப்பில் இதனை விளக்கப் புகுந்தபோது, கதிரவனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் சமமாக இருக்கும் இடந்தானே எல்-1 என்று மாணவர் பலர் ஒரே குரலில் விடையிறுத்தனர். அது பிழை. அவ்விரு இழுப்பும் சமமாகும் இடம் பூமியிலிருந்து ஏறத்தாழ 2,60,000 கிலோமீட்டர் தொலைவிலேயே வந்துவிடும். அது நிலவைவிட நமக்கு அருகில். எல்-1 இருப்பதோ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில். அங்குக் கதிரவனின் இழுப்பே பன்மடங்கு மிகுதி.

பின் அங்கு நிலைப்பது எவ்வாறு? கதிரவனுக்கு அருகிலுள்ள கோள் விரைவாகச் சுற்றும். புதனுக்கு ஓராண்டு 88 நாள். வெள்ளிக்கு 225 நாள். ஆகவே பூமிக்கும் கதிரவனுக்கும் இடையில் ஒரு பொருளை விட்டால், அது பூமியை முந்திக்கொண்டு ஓடிவிட வேண்டும். ஆனால் பூமி பின்னாலிருந்து அதனை இழுக்கிறது. அந்த அளவுக்குக் கதிரவனின் பிடி தளர்கிறது. பிடி தளர்ந்தால் வேகமும் குறைந்து சுற்ற வேண்டும். சரியாக எந்தத் தொலைவில் அக்குறைவு, அப்பொருளும் 365 நாளில் சுற்றிவரும்படி செய்கிறதோ, அதுவே எல்-1. பூமிக்கு அப்பாலுள்ள எல்-2இல் இதற்கு மறுதலையாக இரண்டின் இழுப்பும் கூடி, பின்தங்க வேண்டிய பொருளை உடன் ஓடச் செய்கிறது. 2021 டிசம்பர் 25ஆம் நாள் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த எல்-2ஐச் சுற்றியே இயங்குகிறது.

நேர்கோட்டுப் புள்ளிகளில் நிற்பது கவிழ்த்த குடத்தின் முதுகில் கோலிக்குண்டை நிறுத்துவது போன்றது. சற்றே அசைந்தாலும் உருண்டு போகும். அதனால்தான் ஆதித்யா அப்புள்ளியை அகன்ற வளையமாகச் சுற்றிவருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 178 நாள். இடையிடையே சிறு உந்துதல் தந்து அதனை வழியில் நிறுத்துகின்றனர். முக்கோணப் புள்ளிகளின் இயல்பு வேறு. பெரிய பொருள் இரண்டனுள் ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 25 மடங்குக்குமேல் நிறையுடையதாக இருந்தால், அப்புள்ளியிலிருந்து சற்று நகர்ந்த பொருள் ஓடிவிடாது. சுழற்சியால் அதன் பாதை வளைந்து வளைந்து அப்புள்ளியையே சூழ்ந்து வரும். கதிரவன் வியாழனைப்போல் 1,047 மடங்கு நிறையுடையது. எனவே வியாழனின் பாதையில் அவ்விரு மூலைகளும் உறுதியான தங்குமிடங்கள்.

இத்தனையும் கணக்கில் இருந்தது. வானத்தில் எவரும் காணவில்லை. லாக்ராஞ்சே தாம் கண்ட தனி நிலைகள் கதிரவ மண்டலத்தில் இடம்பெறுவன என்று கருதவில்லை. கணித ஆர்வத்துக்கு உரிய ஒன்றாகவே விட்டுச் சென்றார். அக்கட்டுரைக்கு 1772இல் பாரிசுப் பேரவையின் பரிசு கிடைத்தது. அதனைப் பகிர்ந்துகொண்டவர் ஆய்லர். 134 ஆண்டுகள் கழித்து, 1906 பிப்ரவரி 22ஆம் நாள், செருமனியின் ஹைடல்பர்க் நகரில் மாக்ஸ் வுல்ஃப் என்னும் வானியலார் ஒரு சிறுகோளைக் கண்டார். வியாழனுக்கு 60 பாகை முன்னால், அதன் பாதையிலேயே அது சென்றுகொண்டிருந்தது. லாக்ராஞ்சின் முக்கோணம் மெய்யாகவே விண்ணில் நின்றது! அதற்கு அக்கிலீசு என்று பெயரிட்டனர். தொடர்ந்து பல கிடைக்கவே, ட்ராய்ப் போரின் வீரர் பெயர்களையே சூட்டி, முன்செல்வோர் கிரேக்கர் பாசறை, பின்செல்வோர் ட்ராய் பாசறை எனப் பிரித்தனர். அந்த முறை வகுக்கப்படுமுன் பெயர் பெற்ற ஹெக்டர் என்னும் ட்ராய் வீரன் கிரேக்கர் நடுவிலும், பத்ரோக்லசு என்னும் கிரேக்கன் ட்ராய் நடுவிலும் இன்றளவும் சுற்றிக்கொண்டிருக்கின்றனர். இவ்வகைச் சிறுகோள்கள் இதுவரை பதினாயிரத்துக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. பூமிக்கு முன்னாலுள்ள மூலையைச் சார்ந்தும் 2010இல் ஒன்று அகப்பட்டது.

இனி அவர் வாழ்க்கைக்குத் திரும்புவோம். உறவினரான வித்தோரியாவை அவர் 1767இல் மணந்திருந்தார். நெடுநாள் நோயுற்றுக் கிடந்த அம்மையாருக்குத் தாமே பணிவிடை செய்தார். 1783இல் அம்மையார் மறைந்தார். அதே ஆண்டில் ஆய்லரும் மறைந்தார். 1786இல் மன்னரும் இறந்தபின் பெர்லின் அவருக்கு வேற்றிடமாயிற்று. 1787இல் பாரிசுக்குச் சென்றார். மறு ஆண்டு அவருடைய பெருநூல் வெளிவந்தது. இயக்கவியல் முழுவதையும் ஒரு படங்கூட இல்லாமல் சமன்பாடுகளாலேயே நிறுவிய நூல் அது. ஆனால் அந்நாளில் அவர் மனம் பெரிதும் சோர்ந்திருந்தது. அச்சாகி வந்த நூலைப் பிரித்தும் பாராமல் ஈராண்டு மேசைமேல் கிடத்தி வைத்திருந்தார் என்பர். கணிதம் முடிந்துவிட்டது என்று எண்ணியவர்போல் வேதியியல், வரலாறு என்று படித்துக்கொண்டிருந்தார். மேதையரும் சோர்வுக்கு விலக்கல்லர்.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அளவைகளையெல்லாம் பத்தின் மடங்குகளாக அமைக்கும் குழுவில் அவரும் உழைத்தார். இன்று நம் கடைத்தெருவில் வழங்கும் மீட்டரும் கிலோகிராமும் அக்குழுவின் கொடையே. 1792இல், வானியலார் லெமோனியேயின் மகள் அவருடைய தனிமைக்கு இரங்கி மணந்துகொண்டார். வயதில் மிக இளையவராயினும் இல்லறம் இனிதே நடந்தது. 1793இல் பகைநாட்டில் பிறந்தோரைச் சிறைப்படுத்தும் ஆணை பிறந்தபோது, டூரினில் பிறந்த லாக்ராஞ்சும் அதற்குள் அடங்கினார். வேதியியல் அறிஞர் லவாசியே பரிந்து பேசி அவருக்கு விலக்குப் பெற்றுத் தந்தார். அந்த லவாசியேவை 1794 மே 8ஆம் நாள் தலைவெட்டும் பொறியில் கொன்றனர். தம்மைக் காத்தவரைத் தம்மால் காக்க இயலாத துயரம் லாக்ராஞ்சை நெடுநாள் வாட்டியது.

அவ்வாண்டிலேயே பாரிசில் ஒரு பெரும் பொறியியற் கல்லூரி நிறுவப்பட்டது. லாக்ராஞ்சு அங்குக் கணிதப் பேராசிரியரானார். குரல் மெல்லியது, இத்தாலிய ஒலிப்பு மாறவில்லை, பேச்சாளர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆயினும் மாணவர் பயிற்சித் தாள்களைக் கருத்தோடு படிப்பார். அவ்வாறு படிக்கையில் லெப்லான் என்னும் மாணவரின் தாள்கள் அவரை வியப்பில் ஆழ்த்தின. நேரில் காண விரும்பி விசாரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. எழுதியவர் சோபி ஜெர்மேன் என்னும் இளம்பெண். பெண்களுக்கு அக்கல்லூரியில் இடமில்லை. பாடக் குறிப்புகளை எவ்வாறோ பெற்று வீட்டிலிருந்தே படித்து, ஓர் ஆணின் பெயரில் ஒளிந்துகொண்டு தாள் அனுப்பியிருந்தார். சிறுமியாக இருந்தபோது, இரவில் கணிதம் படிப்பதைத் தடுக்கப் பெற்றோர் மெழுகுவர்த்தியையும் குளிர் போக்கும் நெருப்பையும் அகற்றிவிடுவராம். மறைத்து வைத்த மெழுகுவர்த்தியின் ஒளியில், போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்தவர் அவர். வாயிலில் தடுக்கப்பட்டோர் புறவழியில் நின்று கற்ற வரலாற்றை நாம் வேறிடத்தில் தேட வேண்டியதில்லை.

லாக்ராஞ்சு சினக்கவில்லை, விதியைக் காட்டி விலக்கவும் இல்லை. தாமே அப்பெண்ணின் வீட்டிற்குச் சென்று பாராட்டினார். 19 வயதில் தமக்குப் பெர்லினிலிருந்து வந்த மறுமொழியை அவர் அப்போது நினைத்திருப்பாரா? நினைத்திருப்பார் என்றே நம்ப விரும்புகின்றோம்.

நெப்போலியன் ஆட்சியில் பட்டங்களும் பதவிகளும் அவரைத் தேடி வந்தன. மேலவை உறுப்பினரானார், 1808இல் பிரபுப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டளவில், தகட்டின்மேல் மணலைத் தூவி வில்லால் மீட்டினால் மணல் அழகிய கோலங்களாக ஒதுங்குவதைக் கிளாட்னி என்பவர் பாரிசில் செய்து காட்டினார். அதன் கணிதக் காரணத்தைக் கூறுவோருக்குப் பேரவை பரிசு அறிவித்தது. இன்றுள்ள கணிதம் இதற்குப் போதாது என்று லாக்ராஞ்சு கருத்துரைத்தார். கேட்டவர் பலரும் ஒதுங்கிக்கொண்டனர். சோபி ஒருவரே 1811இல் கட்டுரை அனுப்பினார். அதிலும் பிழை இருந்தது, பரிசு மறுக்கப்பட்டது. நடுவருள் ஒருவராயிருந்த 75 வயது லாக்ராஞ்சு, தாளைத் தள்ளிவிட்டுப் போகாமல், சோபியின் கருத்திலிருந்து வர வேண்டிய சரியான சமன்பாட்டைத் தாமே கண்டு எழுதிவைத்தார். சோபி அதனைப் பற்றிக்கொண்டு மேலும் உழைத்தார்.

1813 ஏப்ரல் 10ஆம் நாள் லாக்ராஞ்சு பாரிசில் மறைந்தார். நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் பந்தேயோன் மண்டபத்தில் அவர் உடல் வைக்கப்பட்டது. மூன்றாம் முறை அனுப்பிய கட்டுரைக்காக 1816இல் சோபி ஜெர்மேனுக்குப் பரிசு கிடைத்தது. விழாவுக்கு அவர் செல்லவில்லை. 1889இல் பாரிசில் ஈஃபெல் கோபுரம் எழுப்பப்பட்டபோது, 72 அறிஞர்களின் பெயர்களை அதன் இரும்பில் பொறித்தனர். லாக்ராஞ்சின் பெயர் அவற்றுள் உண்டு. இரும்பு வளைவதும் அதிர்வதும் பற்றிய கணிதத்துக்கு அடிகோலியவர்களுள் ஒருவரான சோபியின் பெயரை அன்று பொறிக்கவில்லை.